நாய்க்குட்டிக்கு ஐஸ் கொடுக்கலாமா டாக்டர்?

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் குழந்தையும் நாய்க்குட்டியும் சேர்ந்து வளருதுன்னா கடைசி வரை படிச்சிடுங்க. குட்டி எடுத்து வளர்க்கலாம்னு யோசிச்சிட்டு இருக்கிறவங்களும் படிங்க.

நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். அரசு மருத்துவமனையில் வேலை. நாய்க்குட்டிக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாதுன்னு எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரல. அப்புறம் ஏன் இதை எழுதறேன்னா, ஓபியில் ஒரு பையனோட கையைப் பார்த்ததால்தான்.

கத்திரி வெயில் நேரம். எங்க கீரமங்கலம் பக்கம் அந்த மாசம் எப்படி இருக்கும்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னாடி பூப்பறிக்கப் போனவங்க வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்கு ஓடி வந்துடுவாங்க. தெருவுக்குத் தெரு பலாப்பழ வாசனை. 2018 நவம்பர் கஜா புயலில் சாய்ஞ்ச தென்னைக்குப் பதிலா வச்ச கன்னு எல்லா இடத்திலும் பழைய நிழலைக் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்துடல. நாய்களெல்லாம் மோட்டார் கொட்டகை ஓரமா, வாய்க்கால் ஈரத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருக்கும்.

அன்னைக்கு ஒரு அம்மா ஒன்பது வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) காய்ச்சல், தொண்டை வலி. நாடி பார்க்க வலது கையைக் கேட்டேன். இடது கையை நீட்டினான். "வலது கை என்னாச்சு தம்பி?"ன்னேன். பின்னாடி மறைச்சுக்கிட்டான்.

அவங்க அம்மா இழுத்துக் காட்டினாங்க. விரல், மணிக்கட்டு எல்லாம் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிசு மெல்லிசாக் கீறல். சிலது ஆறிப் போனது. ஆள்காட்டி விரலில் ஒண்ணு மட்டும் புதுசு. ஓரத்தில் கடுகு அளவுக்கு ரத்தம் உறைஞ்சிருந்தது.

"முள்ளு கிழிச்சது சார்."

கருவேல முள் கிழிச்ச கையை நாங்க தினமும் பார்க்கிறோம். அது இப்படி ஜோடி ஜோடியாக் கிழிக்காது.

"வீட்ல நாய்க்குட்டி இருக்கா?"

பையன் பேசல. அம்மாதான் சொன்னாங்க. பூ கமிஷன் கடைக்குப் பின்னாடி கிடந்ததாம். தாய் செத்துப் போச்சாம். பையன் சட்டைக்குள்ள போட்டுத் தூக்கிட்டு வந்துட்டானாம். மூணு மாசக் குட்டி இருக்கும். "அது சும்மா விளையாட்டுக்குக் கவ்வும் சார். பல்லே சரியா இல்ல."

நான் தடுப்பூசின்னு சொன்ன உடனே பையன் அழ ஆரம்பிச்சான். ஊசிக்குப் பயந்துதான் அழறான்னு நினைச்சேன். அவன் கேட்டது வேற.

"ஊசி போட்டா குட்டிய விட்டுறணுமா சார்?"

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. பத்து நாளைக்கும் மேலா தினமும் கடிச்சிருக்கு. வீட்டில் சொன்னா அப்பா சாக்குல கட்டி எங்கேயாவது கொண்டு போய் விட்டுடுவார்னு இவன் யார்கிட்டயும் சொல்லல. ரத்தம் வந்த அன்னைக்கு அப்பத்தாவோட வெத்தலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பை எடுத்துத் தடவிக்கிட்டிருக்கான்.

அவங்க அம்மா எழுந்து நின்னே சொல்லிட்டாங்க. "இன்னைக்கே கொண்டு போய்க் கடைப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன் சார்."

நான் சொன்னேன்: "அம்மா, அதை மட்டும் செஞ்சிடாதீங்க. கடிச்ச குட்டி கண்ணு முன்னாடி இருக்கணும். கடிச்ச நாளிலிருந்து பத்து நாள் அது நல்லா சாப்பிடுதா, ஓடுதா, நடத்தை மாறுதான்னு பார்க்கணும். கொண்டு போய் விட்டுட்டா எதை வச்சுப் பார்க்கிறது?"

அதுக்காக அந்தப் பத்து நாள் முடியட்டும்னு ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது. ஊசி இன்னைக்கே ஆரம்பிக்கணும். குட்டியைப் பார்க்கிறது கூடவே நடக்கணும்.

இங்கே கதையை நிறுத்திட்டு டாக்டரா நாலு விஷயம் சொல்லிடறேன்.

1. குட்டிதானேன்னு விடாதீங்க. ரேபிஸ் கிருமிக்கு வயசு கிடையாது. நோய் வந்த நாய் கடிச்சிருந்தா மூணு மாசக் குட்டிக்கும் ரேபிஸ் வரும். தாய் எப்படிச் செத்ததுன்னு தெரியாத தெருக்குட்டின்னா கூடுதல் கவனம் வேணும்.

2. முழுசா இருக்கிற தோலை நக்கினா ஊசி தேவையில்லை, கழுவினால் போதும். ரத்தம் வராத சின்னக் கீறல், கவ்வல்னா தடுப்பூசி. துளி ரத்தம் வந்தாலும், ஏற்கெனவே இருக்கிற புண்ணை நக்கினாலும், வாய், கண்ணில் எச்சில் பட்டாலும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தும் தேவை. அதைக் காயத்திலேயே போடுவோம்.

3. பட்ட உடனே சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவணும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம்.

4. கையில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். மொத்தம் நாலு தடவை வந்தால் போதும். தொப்புளைச் சுத்திப் போடற ஊசியெல்லாம் பழைய கதை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நாள் கடந்து போச்சுன்னு வராம இருக்காதீங்க, எப்போ ஞாபகம் வந்தாலும் வாங்க. ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாத்த எங்ககிட்ட மருந்து கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஒரு கணக்கு: ரேபிஸ் சந்தேகம் உள்ள விலங்குகளிடம் கடிபடுறவங்களில் 40 சதவீதம் பேர் 15 வயசுக்கு உட்பட்ட குழந்தைகள். அதில் எத்தனை பேர் வீட்டில் சொல்லாம மறைச்சிருப்பாங்கன்னு அந்தப் பையனைப் பார்த்த பிறகு அடிக்கடி யோசிக்கிறேன்.

சரி, ஐஸுக்கு வருவோம்.

முதல் ஊசியும் காயத்தில் மருந்தும் போட்டு முடிச்சு, அவங்க கிளம்பற நேரம். அந்த அம்மா வாசலில் நின்னு கேட்டாங்க. "கடிக்காம இருக்க என்ன சார் பண்றது? வாய் ஊறுதுன்னு நெனச்சு பால் ஐஸ் வாங்கிப் போட்டேன். நல்லாத் தின்னுச்சு. அப்புறம் ரெண்டு நாள் வயித்தால போச்சு. ஐஸ் குடுக்கலாமா, கூடாதா?"

எனக்குத் தெரியல. தெரியாதுன்னே சொன்னேன். கேட்டுச் சொல்றேன்னேன்.

கூடப் படிச்சவன் ஒருத்தன் கால்நடை மருத்துவர். சாயங்காலம் போன் போட்டேன். "மாப்ள, மனுஷனுக்கு மருந்து எழுதி முடிச்சு இப்ப என் பொழப்புக்கும் வந்துட்டியா?"ன்னு சிரிச்சான். அப்புறம் அரை மணி நேரம் பொறுமையாச் சொன்னான். பிறகு நானும் படிச்சேன். இப்போ எங்க வீட்டிலேயும் ஒரு நாட்டுக்குட்டி இருக்கு. அதுக்குக் கொடுத்துப் பார்த்ததைத்தான் கீழே எழுதறேன்.

முதலில், குட்டி ஏன் கடிக்குது?

பல் முளைக்குது. அவ்வளவுதான். நாய்க்குட்டிக்கு 28 பால் பல். ஊசி மாதிரி கூர்மையா இருக்கும். மூணு, நாலு மாசத்தில் அது விழ ஆரம்பிச்சு, ஆறேழு மாசத்துக்குள்ள 42 பெரிய பல் வந்துடும். இந்த இடைப்பட்ட காலத்தில் ஈறு வீங்கும், குறுகுறுக்கும். நம்ம குழந்தை பல் முளைக்கும்போது கிடைச்சதையெல்லாம் வாயில் வைக்குமே, அதேதான். செருப்பு, துடைப்பம், சார்ஜர் வயர், குழந்தையோட விரல், எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்.

எங்க ஊரில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. பூக்கட்டுற வீட்டில் கழிச்ச பூ, நார், குச்சி எல்லாம் வாசலில் கிடக்கும். அதில் அரளி இருந்தால், அதோட பூ, இலை, குச்சி எல்லாமே நாயோட இதயத்தைப் பாதிக்கிற விஷம். குட்டிக்கு மெல்ல நாம ஒண்ணு கொடுக்கலைன்னா அதுவே தேடிக்கும்.

குளிர்ச்சி ஈறை மரத்துப் போக வைக்கும், வீக்கத்தைக் குறைக்கும். அதனால் குளிர்ந்த பொருள் கொடுக்கிறது நல்ல யோசனைதான். அந்த அம்மாவோட யோசனை சரி, வாங்கின பொருள்தான் தப்பு.

என்ன கொடுக்கலாம்?

1. நனைச்ச துணி. செலவே இல்லாதது, ரொம்பச் சின்னக் குட்டிக்கு இதுதான் நல்லது. சுத்தமான பழைய துண்டை நனைச்சு, பிழிஞ்சு, கயிறு மாதிரி முறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைங்க. கூடவே உட்கார்ந்து மெல்ல விடுங்க. இளகிட்டா வாங்கிடுங்க. நூல் பிரிஞ்சா தூக்கிப் போடுங்க, விழுங்கினா குடலில் சிக்கிக்கும்.

2. தயிர். புளிக்காத தயிரில் தண்ணி கலந்து ஐஸ் தட்டில் ஊத்தி உறைய வைங்க. உப்பு, சர்க்கரை, பச்சை மிளகாய், பெருங்காயம் எதுவும் இல்லாம. பாலைவிடத் தயிரில் லாக்டோஸ் குறைவு, அதனால் பெரும்பாலான குட்டிக்கு ஒத்துக்கும். முதல் நாள் ஒரு சின்னத் துண்டு மட்டும் கொடுத்து மறுநாள் வயிறு எப்படி இருக்குன்னு பாருங்க.

3. தர்பூசணி. தோல், விதை எடுத்துட்டு சிவப்புச் சதையை மட்டும் மசிச்சு உறைய வைக்கலாம்.

4. பரங்கிக்காய் அல்லது கேரட். உப்பில்லாம வேக வச்சு, மசிச்சு, உருட்டி உறைய வைக்கலாம். எங்க வீட்டுக் குட்டிக்குப் பரங்கிக்காய்னா உயிர்.

5. கோழி வேக வச்ச தண்ணி. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு போடறதுக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்து, ஆற வச்சு, மேலே மிதக்கிற கொழுப்பை எடுத்துட்டு உறைய வைங்க. எலும்பு போடாதீங்க.

இளநீர் தரலாமான்னு கேப்பீங்க, நம்ம ஊர் ஆச்சே. தண்ணியில் ரெண்டு ஸ்பூன் கலந்து உறைய வச்சா தப்பில்லை. தினமும் வேண்டாம். வெறும் தண்ணியே போதும்.

எப்படிக் கொடுக்கிறது?

ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே கொடுக்காதீங்க. கல்லு மாதிரி இருக்கிற ஐஸைக் கடிச்சா பல் உடையும், நாக்கிலும் ஒட்டிக்கும். சில நிமிஷம் வெளியே வச்சு, மேலே ஈரம் கசிஞ்ச பிறகு நகத்தால் அழுத்திப் பாருங்க. பள்ளம் விழுந்தால் கொடுக்கலாம். இது நண்பன் சொல்லிக் கொடுத்த கணக்கு.

ஒரே வாயில் விழுங்கற அளவுக்குச் சின்னதாகவும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். இந்த மாதிரித் தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சின்னக் குட்டிக்கு ஒண்ணு, ரெண்டு துண்டு போதும். இன்னும் தாய்ப்பால் குடிக்கிற பச்சைக் குட்டிக்கு எதுவுமே வேண்டாம். அதால் உடம்புச் சூட்டைத் தானா காப்பாத்திக்க முடியாது.

ஃப்ரீசரில் வச்சா கிருமி செத்துடும்னு நிறைய பேர் நம்பறாங்க. சாகாது, பெரும்பாலும் தூங்கும். அதனால் பச்சைக் கறியை உறைய வச்சுக் கொடுக்காதீங்க. குட்டிக்கு வந்தாலும் அதைத் தொட்ட குழந்தைக்கு வந்தாலும் வயித்துப்போக்கு வயித்துப்போக்குதான். குட்டிக்குத் தனித் தட்டு வைங்க. கொடுத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

என்ன கொடுக்கவே கூடாது?

பால் ஐஸ், சேமியா ஐஸ், கோன் ஐஸ்: சர்க்கரை, கொழுப்பு, பால். வயித்துப்போக்கு வரும். குச்சியை முழுங்கின குட்டியும் உண்டு.

சாக்லேட், காபி, டீ: இதில் இருக்கிற தியோபுரோமினும் காஃபீனும் நாய்க்குச் செரிச்சு வெளியேற ரொம்ப நேரம் ஆகும். இதயம் படபடக்கும், வலிப்பு வரும்.

சர்க்கரை இல்லாத ஐஸ்கிரீம், சூயிங்கம்: சைலிட்டால் இருக்கான்னு பாருங்க. நமக்கு ஒண்ணும் செய்யாது. நாய்க்கு ரத்தச் சர்க்கரை சட்டுன்னு இறங்கும், ஈரல் கெடும். வீட்டில் சுகர் நோயாளி இருந்தால் அவங்க டப்பாவைக் குட்டிக்கு எட்டாம வைங்க.

வெங்காயம், பூண்டு: ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வேக வச்சாலும் அப்படித்தான்.

திராட்சை, உலர் திராட்சை: சிறுநீரகம் செயலிழக்கும். எத்தனை தின்னா ஆபத்துன்னு கணக்குச் சொல்ல முடியாது. பாயசத்தில் மிதக்கிற திராட்சையும் கணக்கில் சேரும்.

அடுத்தது நம்ம சமையலறைக்குள்ளேயே வருது. திராட்சை ஏன் விஷம்னு ரொம்ப காலம் புதிராவே இருந்தது. வீட்டில் செஞ்ச விளையாட்டு மாவைத் தின்ன ஒரு நாய்க்கும் இதே பாதிப்பு வந்தது. அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தோட உப்பு இருந்தது. அதைப் பிடிச்சு, 2021-ல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் திராட்சையில் இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் காரணமா இருக்கணும்னு எழுதினாங்க. அந்த அமிலம் நிறைய இருக்கிற இன்னொரு பொருள் எது தெரியுமா? புளி. புளி தின்ன நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிச்சது பதிவாகியிருக்கு.

"எங்க நாய் பத்து வருஷமா ரசஞ்சோறு தின்னுதே டாக்டர்"னு சொல்வீங்க. சரிதான். கரைச்சு ஊத்தின ரசத்துக்கும் புளி உருண்டைக்கும் அளவு வித்தியாசம் இருக்கு. பயப்பட வேண்டாம். ஆனா வெயிலுக்கு நல்லதுன்னு பானகத்தை உறைய வச்சுக் கொடுக்காதீங்க. புளியைக் குட்டி எட்டற இடத்தில் காயவும் வைக்காதீங்க.

மாங்கொட்டை, பலாக்கொட்டை: விஷத்தைவிட அடைப்புதான் பயம். குடலில் மாட்டினா ஆபரேஷன்தான். எங்க ஊரில் ஆனி முடியற வரைக்கும் வாசலைப் பெருக்கிட்டே இருக்கணும்.

மீன் பெட்டி ஐஸ்: கடற்கரையிலிருந்து மீன் வரும்போது கூட வர்ற ஐஸ். அது குடிக்கிற தண்ணியில் செஞ்சதுன்னு நம்பிடாதீங்க. குட்டிக்கு மட்டுமில்ல, சர்பத்துக்கும் வேண்டாம்.

ரெண்டு எச்சரிக்கை.

ஒண்ணு: குட்டி சோர்ந்து படுத்து, சாப்பிடாம, வாந்தி எடுத்து, ரத்தத்தோட வயித்தால போனா "ஐஸ் ஒத்துக்கல"ன்னு வீட்டில் வச்சுப் பார்க்காதீங்க. பார்வோ வைரஸா இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டியை சில நாளில் கொண்டு போயிடும். உடனே கால்நடை மருத்துவரிடம் போங்க.

ரெண்டு: வெயிலில் மயங்கின நாய்க்கு ஐஸ் துண்டு வைத்தியமாகாது. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, மூச்சிரைச்சுத்தான் சூட்டைத் தணிக்கும். வேகமா இரைச்சு, தள்ளாடி, எச்சில் வழிஞ்சா நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, விசிறிக்கிட்டே மருத்துவரிடம் கொண்டு போங்க. மயங்கின வாயில் எதையும் ஊத்தாதீங்க.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு: அரசு கால்நடை மருந்தகம் பக்கத்திலேயே இருக்கும். பெரிய பிரச்சினைன்னா ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. கால்நடை அவசர உதவிக்கு எண் 1962. குட்டிக்கு மூணு மாசம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி. மத்த தடுப்பூசிகள் அதுக்கு முன்னாடியே, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பிச்சிடும்.

அந்தப் பையன் மூணாம் நாள் ஊசிக்கு வந்தப்ப இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி அவன் அம்மாகிட்ட கொடுத்தேன். அவன்கிட்ட ஒரு வேலை கொடுத்தேன். குட்டி தினமும் சாப்பிட்டதா, ஓடுச்சா, உறுமுச்சா, யாரையாவது கடிச்சதா, எல்லாத்தையும் நோட்டில் எழுதணும். கையைக் கடிக்க வந்தா கத்தி இழுக்காம, கையை அசைக்காம, உறைஞ்ச துணியை எதிரே நீட்டணும். ஏழாம் நாள் நோட்டோட வந்தான். "காலை: தின்னுச்சு. மதியம்: தூங்குச்சு. சாயங்காலம்: என் டவுசரக் கடிச்சுச்சு."

அவங்க அப்பாவும் அன்னைக்குக் கூட வந்திருந்தார். சாக்குல கட்டி விடுவார்னு பையன் பயந்த அதே அப்பா. என்கிட்ட மெதுவாக் கேட்டார். "இவன் ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?"

முன்னாடி ஒரு தடவை தெருநாய் ஆட்டுக்குட்டியைக் கடிச்சப்ப, "நாய்ன்னு ஒண்ணு இந்த வாசல்ல நின்னுச்சுன்னா கட்டித் தூக்கிட்டுப் போயிடுவேன்"னு சொல்லியிருக்கார். கோபத்தில் சொன்னது. அவர் மறந்துட்டார், பையன் மறக்கல.

28-ம் நாள் கடைசி ஊசி. கையில் புதுக் கீறல் ஒண்ணுகூட இல்லை. பத்து நாள் எப்பவோ தாண்டியாச்சு, குட்டி நல்லா இருக்கு. அதுக்கும் ரேபிஸ் தடுப்பூசி போட்டாச்சாம். ஊசி போட்டு முடிச்ச உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரிச்சு வச்சான். அரிசி மாதிரி ஒரு சின்னப் பல்.

"விழுந்துருச்சு சார். துணியில மாட்டியிருந்துச்சு."

ஓபியில் கூட்டம் நின்னுச்சு. இருந்தாலும் ஒரு நிமிஷம் அதைக் கையில் வாங்காம, கண்ணால் நல்லாப் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன். (போய்க் கையைக் கழுவச் சொன்னேன். டாக்டர் புத்தி.)

இதை இவ்வளவு நீளமா எழுதினது ஒரு வேண்டுகோளுக்காக. குட்டிக்குத் துணியை நனைச்சு ஃப்ரீசரில் வைக்கிற அன்னைக்கே உங்க பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வச்சு ஒரு வார்த்தை சொல்லிடுங்க:

"பல் பட்டா உடனே சொல்லு. ஊசி போட்டுக்கலாம். குட்டிய யாரும் கொண்டு போக மாட்டாங்க."

சொன்ன பிறகு அப்படியே நடந்துக்கவும் செய்யுங்க.